சென்னையில் பிறந்த பரோடா மகாராணி: சேகரித்தவரா, கரைத்தவரா?

மைதிலி (மாதுங்கா)

பரோடா சீதாதேவியைப் பற்றி ஆங்கிலத்தில் யார் எழுதினாலும் "இந்தியாவின் வாலிஸ் சிம்ப்சன்" (இங்கிலாந்து அரசர் எட்டாம் எட்வர்ட் முடி துறந்து மணந்த, விவாகரத்தான அமெரிக்கப் பெண்) என்று ஒரு பட்டத்தைக் கொடுத்து, மொனாக்கோ, ரோல்ஸ் ராய்ஸ், குதிரைப் பந்தயம் என்று முடித்துவிடுகிறார்கள். நகைகளைப் பற்றி உருப்படியாகப் பேசுவதில்லை. அதற்காகத்தான் இந்த விவாத இழை.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 1917-ல் மதராஸில் பிறந்தவர். அப்பா பித்தாபுரம் மகாராஜா. உய்யூரு ஜமீன்தாருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். 1943-ல் மதராஸ் குதிரைப் பந்தயத்தில் பரோடா மகாராஜா பிரதாப் சிங் கெய்க்வாட் இவரைப் பார்க்கிறார். அவருக்கு ஏற்கெனவே மனைவி சாந்தாதேவியும் எட்டுப் பிள்ளைகளும் உண்டு. அன்றைய சட்டப்படி சீதாதேவிக்கு விவாகரத்து கிடைக்காது. வக்கீல்கள் ஒரு சந்து கண்டுபிடித்தார்கள். இஸ்லாத்துக்கு மாறி முதல் திருமணத்தை முறித்துக்கொண்டு, ஆரிய சமாஜம் வழியாக மறுபடி இந்துவாகி, அதே வருஷம் கெய்க்வாட்டைக் கைப்பிடித்தார். பரோடாவில் இருதாரத் தடைச் சட்டம் இருந்ததே என்று வெள்ளைக்காரர்கள் கேட்டதற்கு, சட்டம் குடிமக்களுக்குத்தான், மகாராஜாவுக்கு இல்லை என்று பதில் வந்தது. அவர்களும் விடவில்லை. கடைசி வரை "ஹர் ஹைனஸ்" பட்டத்தைக் கொடுக்கவே இல்லை.

யுத்தம் முடிந்ததும் மொனாக்கோவில் ஜாகை. பரோடா கஜானாவில் இருந்த உருப்படிகள் ஒவ்வொன்றாகக் கடல் தாண்டின. ஏழு வட முத்துமாலை, ஸ்டார் ஆஃப் தி சவுத் என்ற 128 காரட் வைரம், பெயர்பெற்ற முத்துக் கம்பளம் எல்லாம் அந்த வரிசையில் வரும். 1956-ல் விவாகரத்து. 1985-ல் ஒரே மகன் சாயாஜிராவ் போய்ச் சேர்ந்தார். 1989-ல் பாரிஸில் இவரும்.

கேள்வி இதுதான். இவரை நகைச் சேகரிப்பாளர் என்று சொல்லலாமா? ஏல நிறுவனங்கள் அப்படித்தான் சொல்கின்றன. எனக்கு அதில் பாதி சம்மதம், பாதி இல்லை.

சயான் சேகர்

நான் தணிக்கைத் துறையில் காலம் தள்ளியவன், அதனால் என் பதில் கொஞ்சம் கசக்கும். சேகரிப்பாளர் என்றால் தன் காசில் வாங்கியவர். இவர் எந்தக் காசில் வாங்கினார்?

1949 மே 1-ஆம் தேதி பரோடா பம்பாய் மாகாணத்தோடு இணைந்தது. எது சொந்தச் சொத்து, எது சமஸ்தானச் சொத்து என்று எல்லா ராஜாக்களும் பட்டியல் கொடுக்க வேண்டிய நேரம் அது. பரோடா கணக்கைத் திறந்து பார்த்த அதிகாரிகளுக்கு, மகாராஜா தன் கஜானாவிலிருந்து தனக்கே வட்டியில்லாக் கடன் கொடுத்துக்கொண்டது தெரிந்தது. பெரிய தொகை. ராஜாக்களுக்கு அரசு தரும் மன்னர் மானியத்தில் தவணையாகக் கழிப்பதாக ஏற்பாடு. 1951-ல் அவரை இறக்கிவிட்டு மகன் ஃபத்தேசிங்ராவைப் பட்டத்தில் உட்கார வைத்தார்கள்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்ன ஊர் நம்முடையது. இங்கே அளக்கவும் இல்லை, ஆறும் நம் ஆறு இல்லை.

முலுண்ட் முரளி

ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே. அவ்வளவுதான் விஷயம்.

பார்வதி, செம்பூர்

அவ்வளவுதானா? பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங் 1928-ல் பாரிஸ் நகை நிறுவனம் கார்ட்டியேயிடம் கழுத்தணி செய்துகொண்டார், 2,930 வைரம். நடுவில் தொங்கியது 234 காரட் டி பியர்ஸ் மஞ்சள் வைரம். அதுவும் சமஸ்தானப் பணம்தானே? அவரைப் பற்றி எழுதும்போது "ரசிகர்", "கலைக்குப் புரவலர்". அந்தக் கழுத்தணி 1948 வாக்கில் பாட்டியாலா கஜானாவிலிருந்து காணாமல் போய், 1998-ல் லண்டனில் எலும்புக்கூடாகக் கிடைத்தது. பெரிய கற்கள் ஒன்றும் இல்லை. அதற்கு எந்த மகாராணியையும் திட்ட வழியில்லை, அதனால் யாரும் திட்டவில்லை.

கஜானாச் சாவி பிரதாப் சிங் கையில் இருந்தது. கையெழுத்தும் அவர் போட்டது. பழி மட்டும் சீதாதேவிக்கு. அவர் மதராஸ்காரி, இரண்டாம் தாரம், வாய் வேறு கொஞ்சம் நீளம். மூன்றும் சேர்ந்தால் ஊர் சும்மா விடுமா?

சயான் சேகர்

பார்வதி மேடம், பூபிந்தர் சிங்கை நான் எங்கே காப்பாற்றினேன்? அவர் கணக்கும் என் மேஜைக்கு வந்திருந்தால் சிவப்பு மை ஒரு பாட்டில் தீர்ந்திருக்கும். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. பாட்டியாலாக்காரர் சமஸ்தானம் கையில் இருந்தபோது செய்தார். இங்கே சமஸ்தானம் கைவிட்டுப் போகப் போகிறது என்று தெரிந்த பிறகு மூட்டை கட்டியிருக்கிறார்கள். இதற்குத் தணிக்கையில் வேறு பெயர்.

பிரதாப் சிங் 1949-ல் பரோடாவில் பல்கலைக்கழகம் தொடங்கியவர் என்பதையும் வரவில் வைக்கிறேன். நியாயம் நியாயம்தான்.

முத்துக்கணக்கு

இழையைக் கொஞ்சம் நகை பக்கம் திருப்புகிறேன். ஜவேரி பஜாரை ஒட்டிய மோதி பஜாரில் ஒரு முத்து வியாபாரியிடம் ரொம்ப காலம் கணக்கு எழுதினேன். முதலாளி குஜராத்தி, நான் பாலக்காட்டுத் தமிழ். பரோடா முத்து என்றால் அந்தத் தெருவில் கிழவர்கள் இன்னும் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள்.

முதலில் ஒரு விஷயம் புரிய வேண்டும். பழைய முத்து என்றால் பாரசீக வளைகுடாவில் மூச்சடக்கி மூழ்கி எடுத்த இயற்கை முத்து. நம் ஆட்கள் பஸ்ரா முத்து என்போம். அங்கே எடுத்ததில் பெரும்பங்கு பம்பாய்க்குத்தான் வரும். இங்கே சல்லடையில் சலித்து, ரகம் பிரித்து, துளையிட்டு, கோத்து, பாரிஸுக்குப் போகும். விலை போடும் முறையே தனி. எடை இரண்டு மடங்கானால் விலை இரண்டு மடங்கு ஆகாது, எடையின் வர்க்கத்தை வைத்துக் கணக்கு. அந்த அலகுக்கு "சவ்" என்று பெயர். ஒரு பெரிய முத்து, அதே எடையுள்ள சின்ன முத்துக் கைப்பிடியைவிடப் பல மடங்கு போவது அதனால்தான்.

இப்போது பரோடா மாலைக்கு வாருங்கள். ஏழு வடம். சீதாதேவி அதை அணிந்து எடுத்த படத்தில் கழுத்திலிருந்து மார்பு வரை முத்துச் சுவர். இத்தனை பெரிய முத்துக்களில் ஒரே நிறம், ஒரே உருண்டை, படிப்படியாகப் பெருத்துச் சிறுக்கிற மாதிரி ஏழு வடம் சேர்க்க ஒரு தலைமுறை போதாது. கெய்க்வாட் வம்சம் தாத்தா காலத்திலிருந்து சேர்த்தது. 2007-ல் நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் அதிலிருந்து வந்தது இரண்டே வடம், 68 முத்து. ஏறத்தாழ 71 லட்சம் டாலருக்குப் போனது. உலகமே வாயைப் பிளந்தது. எங்கள் தெருவில் கேட்ட கேள்வி வேறு: மிச்சம் ஐந்து வடம் எங்கே?

மைதிலி (மாதுங்கா)

முத்துக்கணக்கு சார், இதைத்தான் எதிர்பார்த்தேன். ஒரு சந்தேகம். சீதாதேவி மொனாக்கோ போன சமயத்தில் முத்துக்கு விலையே இல்லையாமே?

முத்துக்கணக்கு

ஆமாம். அவர் பிறந்த அதே 1917-ல் நியூயார்க் ஐந்தாம் அவென்யூ மாளிகையை கார்ட்டியே எப்படி வாங்கியது என்று படித்திருப்பீர்கள். இரண்டு வட முத்துமாலையும் நூறு டாலரும் கொடுத்து. அன்றைக்கு அந்த மாலைக்குப் பத்து லட்சம் டாலர் மதிப்பு. 1957-ல் அதே மாலை ஏலத்துக்கு வந்தபோது ஒன்றரை லட்சம் சுமாருக்குத்தான் போனது. நடுவில் ஜப்பானிலிருந்து மிகிமோட்டோவின் வளர்ப்பு முத்து, அதாவது சிப்பிக்குள் ஒரு மணியை வைத்து வளர்க்கிற முத்து, வந்துவிட்டது, 1929 வீழ்ச்சி வேறு. வளைகுடாவில் படகுகள் கரையேறின. பம்பாயில் எத்தனையோ கடை துணிக்கடையாகவும் வைரக் கடையாகவும் மாறியது.

ஆக அவர் கையில் இருந்தது சந்தை கைவிட்ட சரக்கு. வைரத்தையும் மரகதத்தையும் அவர் மாற்றி மாற்றிக் கட்டியதையும், முத்துக்கள் கடைசி வரை ஓரளவு அப்படியே இருந்ததையும் இந்தக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள்.

முலுண்ட் முரளி

கொலுசு கதையை யாரும் சொல்லவில்லையே! 1953-ல் மரகதமும் வைரமும் பதித்த ஒரு ஜோடி கொலுசை நியூயார்க் நகை வியாபாரி ஹாரி வின்ஸ்டனிடம் விற்கிறார். அவர் அதைப் பிரித்துக் கழுத்தணி செய்து விண்ட்சர் சீமாட்டியிடம், அதாவது அசல் வாலிஸ் சிம்ப்சனிடமே, விற்கிறார். 1957-ல் நியூயார்க்கில் ஒரு விருந்து. எல்லோரும் சீமாட்டியின் கழுத்தைப் பார்த்து ஆஹா ஓஹோ. நம்ம ஆள் நிதானமாக, என் காலில் கிடந்தபோதும் இதே அழகுதான் என்றாராம். சீமாட்டி நகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அந்த ஒரு வாக்கியத்துக்காகவே நான் சீதாதேவி கட்சி.

பார்வதி, செம்பூர்

முரளி, மேலே நெய் என்றாய், இப்போது கட்சி மாறிவிட்டாய். சந்தோஷம். அந்தச் சீமாட்டி நகைகளை 1987-ல் ஜெனீவாவில் சதபீஸ் ஏலம் விட்டு ஐந்து கோடி டாலர் வசூலானது. பணம் பாஸ்டர் மருத்துவ ஆய்வு நிறுவனத்துக்குப் போனது. சீதாதேவி நகைகளுக்கு அப்படி ஒரு நாள், ஒரு புத்தகம், ஒரு மேடை அமையவில்லை. ஓசையில்லாமல் பிரிந்து பிரிந்து போயின. யாராவது ஒருவர் முழுப் பட்டியல் போட்டிருந்தால் இந்தக் கேள்விக்கே இடமில்லை.

ஆசாரி பேரன்

மரகதம் என்றதும் உள்ளே வந்தேன். தாத்தா கும்பகோணத்தில் பத்தர். நான் அந்தேரியில் ஒரு ஏற்றுமதிக் கூடத்தில் நகை வரைகிறேன்.

1950-ல் வான் கிளீஃப் அண்ட் ஆர்பெல்ஸ் நகை நிறுவனம் அவருக்குச் செய்த மரகதக் கழுத்தணியைத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். கல்லை அவர் கொடுத்தார், வேலை பாரிஸில். பேரிக்காய் வடிவ கொலம்பிய மரகதங்கள், எல்லாம் சேர்த்து 150 காரட்டுக்கு மேல், வரிசையாகத் தொங்குகின்றன. மேலே வைரத்தில் தாமரை. உருவம் முழுக்க நம்முடையது: அட்டிகை படியும் அதே இடத்தில் படிந்து, அதன் கீழே தொங்கட்டம். கட்டு மட்டும் பிளாட்டினம், பின்பக்கம் திறந்த கட்டு.

இந்தத் திறந்த கட்டுதான் என் கவனம். நம் பழைய வேலையில் பின்பக்கம் மூடியிருக்கும். கல்லுக்கு அடியில் பளபளப்பான தாள் வைத்து, சுற்றித் தங்கத்தை அழுத்தி, கூட்டுக்குள் அரக்கு ஊற்றிவிடுவார்கள். வெளிச்சம் முன்னால் நுழைந்து தாளில் பட்டுத் திரும்பும். அகல் வெளிச்சத்தில் அதற்கு ஒரு சிவந்த மினுமினுப்பு வரும், அது வேறு எதிலும் வராது. ஐரோப்பியக் கட்டில் வெளிச்சம் எல்லாப் பக்கமும் நுழையும். கல்லின் குறையும் தெரியும், நிறமும் தெரியும். ஆக, பரோடாக் கல்லை பாரிஸுக்கு அனுப்புவது என்றால் பழைய நகையை உடைத்து, அரக்கை உருக்கி, தாளைக் கிழித்து, கல்லை மட்டும் பையில் போட்டு அனுப்புவது. உடைபட்ட பழைய நகை எப்படி இருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

அதனால் என் பதில்: கல் சேகரித்தார், நகை கரைத்தார். ஆனால் கரைத்து உண்டாக்கியது இருபதாம் நூற்றாண்டின் ஆக நல்ல கழுத்தணிகளில் ஒன்று. நான் என்ன தீர்ப்பு சொல்வது?

மைதிலி (மாதுங்கா)

ஆசாரி பேரன், தீர்ப்பு வேண்டாம், இதுவே போதும். நம் வீடுகளில் என்ன நடக்கிறது? மாதுங்காவில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பாட்டிமார் காதில் ஏழு கல் ப்ளூ ஜாகர் தோடு. தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்துப் பெயர் மாமிகள் வாயில் அப்படி ஆயிற்று. பேத்திக்கு அது பிடிக்காது. கடைக்குக் கொண்டுபோய் கல்லைக் கழற்றி ஒரு மோதிரம், ஒரு பெண்டன்ட். மிஞ்சிய தங்கத்தை எடை போட்டுக் கழிவு கழித்து எடுத்துக்கொள்கிறார்கள். சீதாதேவியைத் திட்டுகிறவர்களில் எத்தனை பேர் வீட்டில் பாட்டியின் ஒட்டியாணம் இன்னும் ஒட்டியாணமாக இருக்கிறது?

சயான் சேகர்

மைதிலி மேடம், பாட்டி நகை பேத்திக்குச் சொந்தம். என்ன வேண்டுமானாலும் செய்யலாம். பரோடாக் குடியானவன் வரி கட்டியது பாரிஸில் பிளாட்டினம் கட்ட இல்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

ஹைதராபாத் நிஜாம் விஷயத்தைப் பாருங்கள். மீர் உஸ்மான் அலி கான் நகைகளை அறக்கட்டளையில் போட்டார். எத்தனையோ வழக்குக்குப் பிறகு 1995-ல் மத்திய அரசு 218 கோடி ரூபாய்க்கு வாங்கியது. 173 உருப்படி. ஜேக்கப் வைரம், ஏழு வட பஸ்ரா முத்து சத்லடா எல்லாம் அதில் அடக்கம். நம்ம மும்பை ரிசர்வ் வங்கிப் பெட்டகத்தில்தான் இருக்கிறது. உடையவில்லை, ஓடவில்லை.

பார்வதி, செம்பூர்

உடையவில்லை சார், ஒப்புக்கொள்கிறேன். கண்ணில் படவும் இல்லையே. டெல்லி தேசிய அருங்காட்சியகத்தில் 2001, 2007, 2019 என்று எப்போதோ ஒரு முறை காட்டிவிட்டு மறுபடி இரும்புப் பெட்டி. ஊரில் இருப்பதுதான் பேர்.

பரோடா முத்துக் கம்பளம்? காண்டே ராவ் கெய்க்வாட் 1860-களில் மதீனாவில் நபிகள் அடக்கத்தலத்துக்குக் காணிக்கையாக நெய்யச் சொன்னது. ஒரு இந்து ராஜா! அவர் 1870-ல் இறந்துவிட, அனுப்பவே இல்லை. பத்து லட்சத்துக்கும் மேல் பொடி முத்து, நடுவே தங்கத்தில் பதித்த பட்டை வைரங்கள். 1903 டெல்லி தர்பார் சமயத்துக் கண்காட்சியில் வைத்தார்கள். சீதாதேவியோடு மொனாக்கோ போனது. 2009-ல் தோஹாவில் சதபீஸ் ஏலத்தில் சுமார் 55 லட்சம் டாலர். இன்று கத்தார் தேசிய அருங்காட்சியகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அந்த முத்தும் வளைகுடாக் கடலில் பிறந்ததுதானே. வந்த வழியே போயிருக்கிறது என்றுகூடச் சொல்லலாம்.

சயான் சேகர்

அழகாக வாதாடுகிறீர்கள் மேடம், ஆனால் பரோடாக்காரன் தோஹாவுக்கு டிக்கெட் எடுக்க வேண்டும். 1972 தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட நகையை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. அதற்கு முன் 1947-லும் ஒரு சட்டம். ஏற்கெனவே வெளியே போனதை இந்தச் சட்டங்களால் திரும்ப இழுக்கவும் முடியாது. இதில் இன்னொரு வேடிக்கை: பழைய கல்லை எடுத்து 1950-ல் புதிதாகக் கட்டிவிட்டால் நகைக்கு வயதே புதிதாகத் தொடங்கிவிடும்.

உமா, நவி மும்பை

பெரிய பெரிய நகை பேசுகிற இடத்தில் சின்ன விஷயம் கேட்கிறேன், மன்னிக்கவும். அம்மாவிடம் மூன்று வட முத்துமாலை இருந்தது. தாத்தா துறைமுகத்தில் வேலை பார்த்த காலத்தில் இங்கே பம்பாயில் வாங்கியது. அம்மா இல்லை. நாங்கள் மூன்று பெண்கள். ஆளுக்கு ஒரு வடம் எடுத்துக்கொள்ளலாம் என்று பேச்சு. ஒரு கடையில் காட்டினோம். முத்துக்கு ஒன்றும் தேறாது, கொக்கியில் இருக்கும் தங்கத்துக்குத்தான் விலை என்றார். அறுத்துப் பிரித்துத் தரவா என்று கையில் கத்தரியோடு கேட்டார். அக்காதான் பிடுங்கிக்கொண்டு வந்தாள்.

முத்துக்கணக்கு

உமாம்மா, உங்கள் அக்காவுக்கு என் நமஸ்காரம். முதலில் யாரும் நூலைத் தொடக் கூடாது.

வீட்டிலேயே சிலது பார்க்கலாம். நல்ல பகல் வெளிச்சத்தில் முத்தைப் பல்லில் லேசாக உரசுங்கள். நறநறவென்றால் கண்ணாடி இல்லை, அசல் முத்து. ஆனால் இயற்கையா வளர்ப்பா என்று பல்லுக்குத் தெரியாது. ஒரு பூதக்கண்ணாடி வைத்துத் துளையைப் பாருங்கள். பழைய இயற்கை முத்து எடைக்கு விற்றது, அதனால் துளை ஊசிமுனை அளவுக்குத்தான் இருக்கும். ஒரு துகள் போனாலும் காசு. வளர்ப்பு முத்தில் துளை கொஞ்சம் தாராளமாக இருக்கும், உள்ளே வைத்த மணிக்கும் மேல்பூச்சுக்கும் நடுவே ஒரு கோடும் தெரியலாம். எல்லாம் அச்சடித்த மாதிரி ஒரே உருண்டையாக இருந்தால் சந்தேகப்படுங்கள். நடுவில் பெருத்து, ஓரத்தில் சிறுத்து, நிறத்தில் லேசான சந்தன மஞ்சள் இருந்தால் நம்பிக்கை உண்டு.

முடிவு எக்ஸ்ரேயில்தான். இயற்கை முத்தில் உள்ளே வெங்காயத் தோல் மாதிரி வளையம் வளையமாகத் தெரியும். வளர்ப்பில் நடுவே ஒரு மணி அப்பட்டமாகத் தெரியும். பாந்த்ரா குர்லா வளாகத்தில் ஜிஐஏ (அமெரிக்க ரத்தினவியல் நிறுவனம்) ஆய்வகம் இருக்கிறது. மாலையைக் கோத்தபடியே கொடுங்கள், ரசீது வாங்குங்கள், கொடுக்கும் முன் மூன்று வடத்தையும் தனித்தனியாகப் படம் எடுத்து முத்துக்களை எண்ணி வையுங்கள்.

உமா, நவி மும்பை

ரொம்ப நன்றி சார். துளை நிஜமாகவே சின்னதுதான், ஊசி நுழையவில்லை. நிறமும் நீங்கள் சொன்ன மாதிரி. ஆனால் இயற்கை என்று வந்தால் சண்டை இன்னும் பெரிதாகுமே! பிரித்தால் மதிப்பு குறையுமா?

முத்துக்கணக்கு

குறையும். மூன்று வடமும் ஒன்றுக்கொன்று ஜோடி பார்த்து அளவெடுத்துச் சேர்த்தது. தனித்தனி வடமாக விற்றால் வரும் மூன்று தொகையைக் கூட்டினாலும் முழு மாலை விலை வராது. பரோடாவின் ஏழு வடத்தில் இரண்டு மட்டும் அத்தனை விலை போனது அந்த முத்துக்கள் அந்த அளவில் இருந்ததால். நம் வீட்டு முத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

பார்வதி, செம்பூர்

உமா, எங்கள் வீட்டில் அம்மாவின் கெம்பு அட்டிகை ஒரு வருஷம் என்னிடம், ஒரு வருஷம் தங்கையிடம். கல்யாணம், சீமந்தம் வந்தால் யார் வீட்டு விசேஷமோ அவர்களுக்கு முன்னுரிமை. சண்டை வராது என்று சொல்ல மாட்டேன். வரும். நகை முழுசாக இருக்கிறது.

சயான் சேகர்

அப்படியே செய்யுங்கள், ஆனால் ஒரு வெள்ளைத்தாளில் எழுதி மூன்று பேரும் கையெழுத்துப் போடுங்கள். யார் பெயரில் லாக்கர், யார் எப்போது எடுக்கலாம், விற்பதென்றால் மூவரும் ஒப்ப வேண்டும் என்று. ஆய்வகச் சான்றிதழையும் படங்களையும் அதோடு வையுங்கள். பரோடாவில் இந்த ஒரு தாள்தான் இல்லை.

முலுண்ட் முரளி

சேகர் சார், கெய்க்வாட் உங்களை வேலைக்கு வைத்திருந்தால் சீதாதேவி மொனாக்கோவுக்குக் கண்ணாடி வளையலோடுதான் போயிருப்பார்.

சயான் சேகர்

போயிருந்தாலும் அந்த விருந்தில் ஏதாவது ஒரு பதில் சொல்லியிருப்பார். அது எந்தக் கஜானாவிலிருந்தும் வந்ததில்லை.

உமா, நவி மும்பை

அக்காவும் தங்கையும் சம்மதித்துவிட்டார்கள். வியாழக்கிழமை ஆய்வகத்துக்குப் போகிறோம். முத்துக்கணக்கு சார், அறிக்கை வந்ததும் இங்கேயே போடலாமா, இல்லை தனிச் செய்தியில் அனுப்பட்டுமா?

முத்துக்கணக்கு

தனிச் செய்தியில் அனுப்புங்கள். வீட்டில் என்ன நகை இருக்கிறது என்று பொது இடத்தில் போடக் கூடாது. நூல் மாற்றுவதைப் பற்றி அப்புறம் பேசலாம். பஜாரில் பட்டு நூலில் ஒவ்வொரு முத்துக்கும் முடிச்சுப் போட்டுக் கோக்கிற ஆள் இன்னும் இருக்கிறார். ஞாயிறு மட்டும் வராதீர்கள், கடை இருக்காது.